தேவஸ்தலின் ஏடிஃபாஸ்க்: பயன்படுத்துவோருக்கான ஒரு மதிப்பீடு

நைனிதால் அருகே தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் நேரம் கேட்கிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் கருவியைக் கேட்பது என்பதைத்தான். அகச்சிவப்புக்கு டான்ஸ்பெக் இருக்கிறது. நல்ல பிரிதிறனோடு நேரடிப் படம் வேண்டுமென்றால் 4கே இமேஜர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில், மங்கிய ஒரு பொருளைப் படமும் எடுத்து உடனே அதன் நிறமாலையையும் பதிய வேண்டும் என்றால் ஏடிஃபாஸ்க்கைத்தான் கேட்க வேண்டும். நைனிதாலின் ஏரீஸ் நிறுவனம் வடிவமைத்து உருவாக்கிய இந்தக் கருவி மிகவும் பயனுள்ளது, தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் தன் குறைகளைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி இல்லை இது. அளவுத்திருத்தப் பதிவுகளை ஒழுங்காக எடுக்காதவர் கையில் நல்ல இரவும் வீணாகிவிடும்.

முதலில் அமைப்பு. இந்த வகைக் கருவியின் முன்னோடி, சிலியின் லா சில்லாவில் இருக்கும் 3.6 மீட்டர் தொலைநோக்கிக்காக 1980களில் ஐரோப்பிய தெற்கு ஆய்வகம் செய்த ஈஃபாஸ்க். நம் நாட்டில் ஹான்லேயின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியில் இருக்கும் ஹெச்ஃபாஸ்க்கும், கிராவலியின் ஐஃபாஸ்க்கும் அதே குடும்பம். தத்துவம் எளிமையானது. தொலைநோக்கியின் குவியத்தில் ஸ்லிட் என்ற குறுகிய பிளவு இருக்கிறது. அதைத் தாண்டி விரியும் ஒளியை கொலிமேட்டர் இணைக்கற்றையாக்குகிறது. அந்த இணைக்கற்றைப் பகுதியில் ஃபில்டரோ கிரிசமோ வந்து நிற்கிறது. பிறகு கேமரா லென்ஸ்கள் ஒளியைச் சுருக்கி, அதை மின்னாக மாற்றிப் பதியும் சிசிடி சில்லின் மேல் குவிக்கின்றன. கிரிசம் என்பது பட்டகத்தின் மேல் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோடுகள்) பதித்தது. கீற்றணி வளைக்கும் ஒளியைப் பட்டகம் எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்கிவிடுவதால், நடுவிலுள்ள ஒரு அலைநீளம் திரும்பாமல் போகிறது. அதனால் கேமராவை அசைக்காமல், கிரிசம் பொருத்திய சக்கரத்தைச் சுழற்றினாலே படக்கருவி நிறமாலைமானியாகிவிடும்.

வெடிக்கும் விண்மீன்களையும் காமா கதிர் வெடிப்புகளின் பின்னொளியையும் தொடர்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். இலக்கு சரியான இடத்தில்தான் இருக்கிறதா, எவ்வளவு பொலிவாக இருக்கிறது என்று படத்தில் பார்த்துவிட்டு, கருவியை மாற்றாமல் அதே ஒளிப்பாதையில் நிறமாலைக்குப் போய்விடலாம்.

எண்களைப் பார்த்தால் வடிவமைப்பு புரியும். தொலைநோக்கி எஃப்/9, அதாவது குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல ஒன்பது மடங்கு, 32.4 மீட்டர். குவியத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வானில் 6.37 ஆர்க்செகண்ட் வருகிறது (ஒரு டிகிரி 60 ஆர்க்மினிட், ஓர் ஆர்க்மினிட் 60 ஆர்க்செகண்ட்). 15 மைக்ரான் பிக்சல் கொண்ட 4கே சிசிடியை அங்கே நேராக வைத்தால் ஒரு பிக்சல் 0.095 ஆர்க்செகண்ட்தான், பார்வைப் புலமும் 6.5 ஆர்க்மினிட்டோடு நின்றுவிடும். 4கே இமேஜர் அப்படித்தான் வேலை செய்கிறது. ஏடிஃபாஸ்க் அதை ஏறத்தாழ எஃப்/4.3க்குச் சுருக்குகிறது. பிக்சலுக்கு 0.2 ஆர்க்செகண்ட், புலம் 13.6 ஆர்க்மினிட் சதுரம். பரப்பளவில் நான்கு மடங்குக்கும் மேல். பார்க்கும் அலைநீளம் 350 முதல் 1050 நானோமீட்டர் வரை.

தேவஸ்தலின் சராசரி சீயிங், அதாவது காற்றின் கலக்கத்தால் விண்மீன் படிமம் பரவும் அகலம், 1.1 ஆர்க்செகண்டை ஒட்டியே இருக்கும். அப்படியானால் ஒரு விண்மீன் ஐந்தாறு பிக்சல்களில் பரவுகிறது. தேவைக்கு மேலான நுணுக்கம் இது, ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது சேரும் ரீட் நாய்ஸும் வீணாகக் கூடுகிறது. மங்கிய பொருளுக்கு 2×2 பின்னிங் போடுங்கள், அதாவது நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துப் படியுங்கள். ஓர் ஆர்க்செகண்ட் ஸ்லிட் சிசிடியில் 5 பிக்சல் அகலம். பின்னிங் போட்ட பிறகும் இரண்டரை பிக்சல் மிஞ்சுகிறது, கோடுகளைச் சரியாகப் பதிய அது போதும். குறுகிய ஸ்லிட் போட்டுப் பிரிதிறனைக் கூட்டும் நாளில் மட்டும் பின்னிங்கை எடுத்துவிடுங்கள்.

படக்கருவியாக இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். எஸ்டிஎஸ்எஸ் வான்கணிப்பின் வகை ஃபில்டர்கள் உள்ளன, புலமும் தாராளம், அருகிலிருக்கும் விண்மீன் திரள்களையும் கொத்துகளையும் ஒரே பதிவில் அடக்கிவிடலாம். ஆனால் குவியம் சுருக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தொல்லையை மனதில் வைக்க வேண்டும். சிசிடியில் பட்டுத் திரும்பும் ஒளியில் கொஞ்சம் லென்ஸ் பரப்புகளில் மோதி மறுபடி சிசிடிக்கு வந்து, நடுப்பகுதியில் மெல்லிய மேடாக விழும். அது விண்மீனின் ஒளி கூடியதால் வந்த மேடு இல்லை, சிதறிய வான ஒளி. ஃப்ளாட்டிலும், அதாவது பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைத் திருத்தச் சீரான ஒளியில் எடுக்கும் பதிவிலும், அதே மேடு இருக்கும். அந்த ஃப்ளாட்டால் வகுத்தால், நடுவிலிருக்கும் விண்மீன்கள் உண்மையைவிட மங்கலாகக் கணக்காகும். ஒரே விண்மீன் கூட்டத்தைப் புலத்தின் பல இடங்களில் விழச் செய்து எடுத்து, அளவு எப்படி மாறுகிறது என்று திருத்தம் கண்டுபிடிப்பதே வழி. ஒப்பீட்டு விண்மீன் இலக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தானே கழிந்துவிடும்.

இனி நிறமாலை. இந்தக் கருவியைக் கேட்கவேண்டிய காரணமும், கவனமாக இருக்கவேண்டிய காரணமும் இங்கேதான்.

மில்லிமீட்டருக்கு 300, 420, 600 கோடுகள் கொண்ட கிரிசம்கள் உள்ளன. பிக்சலுக்கு முறையே 0.2, 0.14, 0.1 நானோமீட்டர் என்று கொள்ளலாம். ஓர் ஆர்க்செகண்ட் ஸ்லிட்டோடு 300 கோட்டு கிரிசம் ஒரு நானோமீட்டர் பிரிதிறன் தரும், 600 கோட்டு கிரிசம் அரை நானோமீட்டர். இதன் பொருள் என்னவென்று பார்க்கச் சோடியத்தின் இரட்டைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 589.0, 589.6 நானோமீட்டர், இடைவெளி 0.6தான். 300இல் இரண்டும் ஒன்றாகிவிடும், 600இல் தோள் தொட்டு நிற்கும் இரண்டு பள்ளங்களாகத் தெரியும். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டையும் பக்கத்திலிருக்கும் நைட்ரஜன் கோடுகளையும் தனித்தனியாக அளக்க வேண்டுமென்றாலும் 600தான். சூப்பர்நோவாவை வகைப்படுத்த, செம்பெயர்ச்சி கண்டுபிடிக்க 300 போதும். முழு வீச்சும் ஒரே பதிவில் கிடைத்துவிடும். 600 ஒரு பதிவில் ஏறக்குறைய 400 நானோமீட்டர் வீச்சைத்தான் பிடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆழம் எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. 20ஆம் மேக்னிட்யூட் (எண் கூடக்கூடப் பொலிவு குறையும்) விண்மீனிலிருந்து 550 நானோமீட்டர் அருகே, 0.1 நானோமீட்டர் பட்டைக்கு, 3.6 மீட்டர் ஆடிக்கு வருவது நொடிக்கு ஏறத்தாழ ஒரு ஃபோட்டான். வளிமண்டலம், ஆடிகள், ஸ்லிட், லென்ஸ்கள், கிரிசம், சிசிடி எல்லாம் தாண்டி ஐந்தில் ஒரு பங்கு பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கோட்டு கிரிசத்தில் அரை மணி நேரத்தில் ஒரு பிக்சல் பட்டைக்கு 700 எலக்ட்ரான் சேரும். நிலவில்லாத வானத்தின் பங்கு அதில் பாதி. சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் விகிதம் 20ஐ ஒட்டி வரும். அதே கணக்கில் 22ஆம் மேக்னிட்யூட் பொருளுக்கு 110 எலக்ட்ரான்தான், விகிதம் 5. இங்கே ரீட் நாய்ஸையும் சேர்த்தால் இன்னும் குறையும். மேலே பின்னிங் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். நொடிக்கு ஒரு ஃபோட்டான் தரும் பொருளையும் இந்தக் கருவியால் காண முடியும் என்று 2021இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை அறிவித்தது நினைவிருக்கலாம். அது மிகையான கூற்று இல்லை. ஆனால் அந்த ஃபோட்டான்கள் பயன்படும் கோடுகளாக மாற, பொறுமையான எக்ஸ்போஷர்களும் நிலவில்லாத வானமும் வேண்டும்.

ஸ்லிட்டில் பொருளை வைப்பதுதான் இரவின் மிக நுட்பமான வேலை. குவியத்தில் ஓர் ஆர்க்செகண்ட் என்பது 157 மைக்ரான். முதலில் ஸ்லிட்டும் கிரிசமும் இல்லாமல் ஒரு குறும்பதிவு எடுத்து, பொருள் எந்தப் பிக்சலில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்லிட்டை மட்டும் நுழைத்து அதன் நடுக்கோடு எந்தப் பிக்சலில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வித்தியாசத்துக்கு ஏற்பத் தொலைநோக்கியை நகர்த்தி, ஸ்லிட் வழியாகவே இன்னொரு படம் எடுத்துப் பொருள் நடுவில் தெரிகிறதா என்று உறுதிசெய்த பிறகே கிரிசத்தைக் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசிப் படத்தை நேரம் மிச்சப்படுத்தத் தவிர்க்கிறவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள். அரை மணி நேரம் வெறும் வானத்தைப் பதிவதைவிட ஒரு நிமிடம் செலவழிப்பது மேல். கண்ணுக்கே தெரியாத மங்கிய இலக்கு என்றால், ஸ்லிட்டைத் திருப்பிப் பக்கத்திலிருக்கும் பிரகாசமான விண்மீன் ஒன்றையும் அதில் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்லிட்டின் நீளம் 8 ஆர்க்மினிட், அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. அந்த விண்மீனின் தடத்தை வைத்து இலக்கின் தடத்தையும் பின்னால் பிரித்தெடுக்கலாம்.

ஆனால் ஸ்லிட்டை விருப்பப்படி திருப்புவதற்கு ஒரு விலை உண்டு. வளிமண்டலம் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகம் வளைக்கிறது. ஏர்மாஸ் (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு, தலைக்கு நேர்மேலே 1) 1.5இல் 400 நானோமீட்டர் படிமம் 500 நானோமீட்டர் படிமத்திலிருந்து 0.7 ஆர்க்செகண்ட் தள்ளி விழும். 350க்குப் போனால் ஓர் ஆர்க்செகண்டுக்கு மேல். சீயிங் 1.1 இருக்கையில் ஓர் ஆர்க்செகண்ட் ஸ்லிட் நடுவிலிருக்கும் விண்மீனின் ஒளியில் 71 சதவீதத்தை விடுகிறது. படிமம் ஸ்லிட்டுக்குக் குறுக்காக 0.7 தள்ளிப்போனால் அது 33 சதவீதம் ஆகிவிடும். நீலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. நிறமாலை தானாகவே சிவந்து தெரியும், பார்க்கிறவர் அதைத் தூசியின் சிவப்பாக்கம் என்று எழுதிவிடுவார். ஸ்லிட்டை பாராலாக்டிக் கோணத்தில், அதாவது அடிவானத்துக்குச் செங்குத்தாக, வைத்தால் விலகல் ஸ்லிட்டின் நீளவாக்கிலேயே நடக்கும், இழப்பு வராது. அப்படி வைக்க முடியாத சூழலில் ஏர்மாஸ் 1.2க்குள் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அகல ஸ்லிட்டுக்குப் போங்கள்.

அலைநீளத் திருத்தத்துக்குப் பாதரச ஆர்கான் விளக்கும் நியான் விளக்கும் உள்ளன. இரண்டையும் எடுங்கள். சிவப்பில் நியானும் ஆர்கானும் கோடுகளைக் கொட்டித் தரும். நீலத்தில் நிலைமை வேறு. 404.7, 435.8 நானோமீட்டர் பாதரசக் கோடுகளுக்குப் பிறகு 546.1 வரை வலுவான கோடு கிடைப்பது அரிது. 400க்குக் கீழே 365 ஒன்றுதான் கைகொடுக்கும், அதுவும் மங்கலாக. அங்கே உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினால் வளைவு தாறுமாறாகத் துள்ளும். மூன்றாம் படியோடு நிறுத்துவது நல்லது.

கருவி தொலைநோக்கியின் கேசக்ரெய்ன் முனையில், முதன்மை ஆடிக்குப் பின்னால், தொங்குகிறது. தொலைநோக்கி சாயச் சாய, கருவியைத் திருப்பும் சுழற்றி சுழலச் சுழல, ஈர்ப்பின் திசை மாறுகிறது, உடல் நுண்ணளவில் வளைகிறது, நிறமாலை சிசிடியில் நகர்கிறது. இந்த வகைக் கருவி எதுவும் இதிலிருந்து தப்பவில்லை. 600 கோட்டு கிரிசத்தில் ஒரு பிக்சல் நகர்ந்தால் திசைவேகத்தில் நொடிக்கு 50 கிலோமீட்டர் பிழை. ஆகவே மாலையில் ஒருமுறை எடுத்த விளக்குப் பதிவை இரவு முழுவதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு இலக்கிலும், தொலைநோக்கியை நகர்த்துவதற்கு முன், விளக்கை எடுங்கள். அதோடு வானத்தின் 557.7, 630.0 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடுகள் உங்கள் பதிவிலேயே இலவசமாக இருக்கின்றன. திருத்தம் முடிந்த நிறமாலையில் அவை சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்து, மிச்சத்தைக் கழித்துவிடலாம்.

300 கோட்டு கிரிசத்தின் சிவப்புப் பக்கம் ஒரு பொறி இருக்கிறது. கீற்றணி ஒரே அலைநீளத்தைப் பல படிகளாக, வெவ்வேறு கோணங்களில் அனுப்பும். 375 நானோமீட்டர் ஒளியின் இரண்டாம் படி, 750 நானோமீட்டரின் முதல் படி விழும் இடத்துக்கு அருகில்தான் விழும். சிவந்த பொருளில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஃப்ளக்ஸ் திருத்தத்துக்கு, அதாவது பதிவான எண்ணிக்கையை உண்மையான ஒளியளவாக மாற்றுவதற்கு, நாம் எடுக்கும் ஃபைகே 34, ஜி191-பி2பி போன்ற விண்மீன்கள் எல்லாம் சூடான நீல விண்மீன்கள். அவற்றின் சிவப்புப் பக்கத்தில் இரண்டாம் படி கலந்து, கருவியின் திறனை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அந்தத் தவறான திறனால் வகுக்கும்போது உங்கள் சூப்பர்நோவா 700க்கு மேல் பொய்யாக மங்கும். நீலத்தை வெட்டும் ஃபில்டரோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என்று அந்த விண்மீனை இரண்டு தடவை எடுத்து, சிவப்புப் பாதியை முதல் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. இதை அகல ஸ்லிட்டில் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிசிடி டீப் டிப்ளீஷன் வகை, அதாவது சிலிக்கன் அடுக்கு தடிமனானது. 800 நானோமீட்டருக்கு மேல் பழைய மெல்லிய சிசிடிகளில் வரும் அலையலையான ஃப்ரிஞ்ச் கோடுகள் இதில் வெகுவாகக் குறைவு. அகச்சிவப்பை ஒட்டிய கால்சியம் மும்மைக் கோடுகளை அளக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். தடிமனுக்குப் பதிலாக நாம் கொடுப்பது காஸ்மிக் கதிர்த் தடங்கள். அவை கூடுதலாகவும் நீளமாகவும் விழும். ஒரு மணி நேரத்தை ஒரே எக்ஸ்போஷராக எடுக்காமல் 1200 நொடி வீதம் மூன்றாகப் பிரியுங்கள். இரண்டாகப் பிரித்தால் எது காஸ்மிக் கதிர், எது உண்மையான உமிழ்வுக் கோடு என்று பல இடங்களில் முடிவுகட்ட முடியாது. மூன்றிருந்தால் இடைநிலை மதிப்பே வேலையைச் செய்துவிடும்.

உருவாக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியின் மதிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. லென்ஸ்களின் பரப்பு 5 நானோமீட்டருக்கும் நுண்ணிய வழவழப்புக்கு மெருகேற்றப்பட்டது. ஏரீஸிலேயே உருவாக்கிய சிசிடி கேமரா மைனஸ் 120 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. மொத்தச் செலவு சுமார் 4 கோடி ரூபாய், இறக்குமதி செய்வதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு மலிவு என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அமிதேஷ் ஓமர் தலைமையில் நடந்த பணியில் இஸ்ரோவின் நிபுணத்துவமும் பல சிறு குறு நிறுவனங்களின் கைத்திறனும் சேர்ந்திருக்கின்றன. விலை குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு சக்கரம் சிக்கினாலோ ஒரு கிரிசத்தை மாற்ற வேண்டியிருந்தாலோ வரைபடத்தை வைத்திருப்பவர்கள் நைனிதாலிலேயே இருக்கிறார்கள். வெளிநாட்டில் செய்த கருவிக்கு உதிரிபாகம் கேட்டுக் காத்திருந்து ஒரு பருவத்தையே இழந்த குழுக்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்படி ஒன்றை உருவாக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 350 நானோமீட்டரைக் கடத்தவும் நிறப்பிழையை அடக்கவும் கால்சியம் ஃப்ளூரைடு போன்ற பொருள்களை நாட வேண்டியிருக்கும். அது சூட்டில் சாதாரண ஒளியியல் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். இரண்டையும் விறைப்பான பசையால் ஒட்டினால் குளிரில் விரிசல் விடும். எண்ணெய் அல்லது நெகிழும் ஜெல் இடையில் வேண்டும். சிசிடியையும் கண்டபடி குளிரவிடக் கூடாது. ஒளியில்லாமலே சேரும் இருள்மின்னோட்டம் குறையும் என்பது சரி, ஆனால் 1000 நானோமீட்டர் அருகே சிலிக்கனின் உணர்திறனும் சேர்ந்து குறையும். சிசிடியைச் சுற்றியுள்ள வெற்றிட அறை கசிய ஆரம்பித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஃப்ளாட் பதிவுதான். நேற்று இல்லாத திட்டுகளும் வளையங்களும் இன்று தெரிந்தால் ஈரம் உறைகிறது என்று பொருள்.

யாருக்கு இது பொருந்தாது? விண்மீனின் ஆரத் திசைவேகத்தை நொடிக்குச் சில கிலோமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டியவர்கள், தனிமங்களின் செறிவை மெல்லிய கோடுகளிலிருந்து எடுக்க வேண்டியவர்கள் பிரிதிறன் மிக அதிகமான எஷெல் நிறமாலைமானியைத் தேடிப் போவது நல்லது. 370 நானோமீட்டருக்குக் கீழேதான் தங்கள் அறிவியல் இருக்கிறது என்பவர்களும் யோசிக்க வேண்டும். இத்தனை லென்ஸ்களைத் தாண்டி அங்கே வரும் ஒளி சொற்பம், ஃப்ளாட் விளக்கும் அங்கே சோர்ந்துபோகும். 17ஆம் மேக்னிட்யூட்டைவிடப் பிரகாசமான சூப்பர்நோவாவைத் தொடர ஹான்லேயின் ஹெச்ஃபாஸ்க் போதும். 4500 மீட்டர் உயரத்தின் வறண்ட காற்று அதற்குத் துணை. மங்கிப்போன பிந்தைய நாட்களை ஏடிஃபாஸ்க்குக்கு ஒதுக்குங்கள்.

விண்ணப்பங்கள் ஆண்டுக்கு இரண்டு சுற்று: பிப்ரவரி முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. இடையில் பருவமழை, வானம் மூடியிருக்கும். நேரம் கேட்கும்போது எக்ஸ்போஷரை மட்டும் கூட்டிப் போடாதீர்கள். ஓர் இலக்குக்கு ஒரு மணி நேர எக்ஸ்போஷர் என்றால், நகர்த்தி நிறுத்துவது, ஸ்லிட்டில் வைப்பது, விளக்குப் பதிவுகள், சிசிடியைப் படிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து இன்னும் 25 நிமிடமாவது கேளுங்கள். இரவுக்கு இரண்டு திருத்த விண்மீன்கள், இரண்டு வெவ்வேறு ஏர்மாஸில், அதற்குத் தனியாக 40 நிமிடம். கிரிசத்தையும் ஸ்லிட்டையும் இரவில் மாற்றினால் அந்த ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஃப்ளாட்டும் விளக்கும் திருத்த விண்மீனும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒரு திட்டத்துக்கு ஒரே சேர்க்கையோடு நிற்பதாக விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.